பிரேக் மேல் வைத்த கால்

ஜனவரி 23, வியாழன்

உரக்கடையில் இந்த வருடமும் டைரி கொடுத்தார்கள். போன வருடத்து டைரியில் மார்ச் வரைதான் எழுதியிருந்தேன். அறுப்பு முடிந்துவிட்டால் எனக்கு எழுத ஒன்றும் இருப்பதில்லை. சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும் சுகந்தி, தினமும் என்ன சாப்பிட்டேன் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறாள். நான் தின்றதை எழுதி யார் படிக்கப்போகிறார்கள். வண்டி குடித்ததை எழுதுகிறேன். இன்று டீசல் முப்பது லிட்டர், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஒரு குடம்.

நாளை ராமதுரை அண்ணன் வயலில் அறுப்பு ஆரம்பம். ஆத்தூர் பக்கத்திலிருந்து அறுப்பு மிஷின்கள் வந்து இறங்கிவிட்டன. மேலமருதூரில் சம்பா முழுவதும் ஒரே சமயத்தில் பழுத்து நிற்கிறது. மிஷின் மூன்று, வண்டி ஒன்று. அந்த ஒன்று என்னுடைய மினி லாரி. பெரிய லாரி எங்கள் வாய்க்கால் பாலத்தில் திரும்பாது. டிராக்டர் பெட்டியில் ஏற்றினால் வழியெல்லாம் சிந்தி ஊர்க் கோழிகளுக்குத்தான் கொண்டாட்டம். அதனால் இருபத்தாறு வருடமாக இந்த ஊர் நெல் என் வண்டியில்தான் களத்துக்கு வருகிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், சொன்னால் என்ன.

ஜனவரி 24, வெள்ளி

ஐந்து நடை. மிஷின் வரப்போரம் வந்து நிற்கும். அதன் குழாய் என் வண்டிப் பெட்டிக்குள் நெல்லைக் கொட்டும். நான் களத்துக்கு ஓட்டிப்போய், பின்பக்கமாகவே சென்று, நெல் அம்பாரத்தை ஒட்டி நிறுத்துவேன். பெண்கள் பலகையால் தள்ளி இறக்குவார்கள். எழுதினால் நாலு வரி வேலை. ஆனால் அம்பாரத்தை ஒட்டி நிறுத்துவதில்தான் டிரைவர் யார் என்று தெரியும். ஒரு முழம் முன்னால் நின்றால் நெல் இடைவெளியில் சிந்தும். ஒரு முழம் பின்னால் போனால் நெல் மேல் டயர் ஏறும். நெல் மேல் டயரை ஏற்றியவனுக்கு இந்த ஊரில் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது.

பின்னால் நின்று வழி சொல்வது மாரிக்கண்ணு. களத்தில் வேலை செய்யும் பதினோரு பெண்களுக்கும் அவளைத் தலைவி என்று யாரும் நியமிக்கவில்லை, அவள் குரலே நியமித்துவிட்டது. “வா, வா, வா, ஹோல்டேன்” என்பாள். அவள் ஹோல்டேன் என்றதும் வண்டி நிற்கும். பத்து வருடமாக அப்படித்தான்.

நெல் மேல் யாரும் செருப்போடு ஏறமாட்டோம், அது எங்கள் பக்கத்து மரியாதை. ஏறி ஏறி இறங்க வேண்டியிருப்பதால் அறுப்புக் காலம் முழுவதும் எனக்கு வெறுங்கால்தான். வண்டியையும் வெறுங்காலில்தான் ஓட்டுவேன். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பாதம் சொல்லவேண்டும். டவுனில் ஷூ போட்டுக்கொண்டு லாரி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால், கையுறை மாட்டிக்கொண்டு முறுக்குப் பிழிவதுபோல எனக்குச் சிரிப்பு வரும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரி ராஜகுமாரி சத்தம் போட்டாள். வாசலிலிருந்து அடுக்களை வரை சிமெண்ட் தரையில் வரிசையாக ரத்தம். என் வலது காலில் அறுத்த தாளின் கட்டை ஒன்று விரல் நீளத்துக்குக் குத்தி நின்றது. எப்போது குத்தியது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. டிரைவர் கால் என்றால் டயர் மாதிரி காய்த்துப் போயிருக்கும், இதெல்லாம் உறைக்காது என்று சொன்னேன். அவள் மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

ஜனவரி 27, திங்கள்

வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் முன் பம்பர் உரசிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. பெயிண்ட் போயிற்று. பிரேக் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கிறது என்று நினைக்கிறேன். மஜீதிடம் காட்டவேண்டும்.

ஜனவரி 29

மஜீதின் பட்டறை நெடுஞ்சாலை முக்கில் புளியமரத்தின் கீழ் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அவன் பாய். எனக்கு மட்டும் மஜீது. இரண்டு பேரும் ஒரே வருடம் ஒரே லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் வண்டிக்கு அடியில் போனான், நான் வண்டிக்கு மேலே போனேன்.

வண்டியை ஓட்டிப் பார்த்தான். நாலு சக்கரமும் நச்சென்று பிடிக்கிறது என்றான். நான் நம்பவில்லை. அவனும் எனக்காக ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றினான். பெடலை மிதிக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும், அதற்கு எண்ணெய் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அந்தச் சத்தம் இருக்கட்டும். எனக்குப் பழகிவிட்டது. பிரேக் மேல் கால் இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

ஜனவரி 31

சுகந்தி வந்தாள். சர்க்கரை நிறைய இருக்கிறதாம். இதை ஒவ்வொரு மாதமும் சொல்கிறாள், நானும் ஒவ்வொரு மாதமும் தலையாட்டுகிறேன். இந்தத் தடவை புதிதாக ஒன்று செய்தாள். காலை நீட்டிக் கண்ணை மூடச் சொன்னாள், நைலான் நரம்பு மாதிரி ஒன்றை வைத்து விரல் விரலாகத் தொடுவாளாம், எந்த விரல் என்று நான் சொல்லவேண்டுமாம். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னேன். கெட்டிக்காரர் என்றாள்.

கண்ணை முழுக்க மூடவில்லை. வெயில் முகத்தில் அடித்ததால் லேசாகத் திறந்துகொண்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஏழு நடை. ஞாயிற்றுக்கிழமை என்று நெல்லுக்குத் தெரியுமா.

மதியம் வண்டிக்குள் எதுவோ கருகும் வாடை அடித்தது. ஒயர் எரிகிறதோ என்று நிறுத்தி எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது ராஜகுமாரிதான் கண்டுபிடித்தாள். வலது குதிகாலில் தோசைக் கரண்டி அகலத்துக்குக் கொப்புளம். காலுக்குக் கீழே மேட் கிழிந்திருக்கிறது, இஞ்சின் சூட்டில் தகரம் காய்ந்து கிடக்கிறது, அதில் குதிகாலை ஊன்றி ஏழு நடை அடித்திருக்கிறேன். கருகியது ஒயர் இல்லை.

ராஜகுமாரி அழுதாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். அறுப்பு முடியட்டும் என்றேன். அவள் என் அண்ணன் பேச்சை எடுத்தாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. சிங்காரவேலு அண்ணன் கட்டைவிரலில் ஒரு புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். விரலை எடுத்தார்கள். அடுத்த வருடம் பாதத்தை எடுத்தார்கள். அதற்கடுத்த வருடம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்புறம் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. போகாமலே இருந்திருந்தால் அண்ணனுக்குக் கால் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். முன்னாலேயே போயிருந்தால் இருந்திருக்கும் என்பது அவள் எண்ணம். பன்னிரண்டு வருடமாக இதில் எங்களுக்கு ஒத்துவரவில்லை.

கால் இல்லாத டிரைவரை யார் என்னவென்று கூப்பிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 4

எட்டு நடை. வியாழக்கிழமைக்கு மேல் மழை வரலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊரே ஓடுகிறது.

பிப்ரவரி 6

மழை வரவில்லை, மேகம் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

களத்தில் நிறுத்தும்போது வண்டி அரை முழம் கூடப் போய்விட்டது. மாரிக்கண்ணு பெட்டியைத் தட்டி, இன்னைக்கு அண்ணனுக்குத் தூக்கம் பத்தலபோல என்று கேலி செய்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சாயங்காலம் மறுபடி மஜீதிடம் போனேன். மறுபடி பார்த்தான், மறுபடி ஒன்றும் இல்லை என்றான். கையைத் துடைத்துக்கொண்டே என் காலையே பார்த்தான். குதிகாலில் துணி கட்டியிருந்தது.

“கால் எப்படி இருக்கு வைத்தி?”

வண்டியைப் பார்க்கச் சொன்னால் காலைப் பார்க்கிறாயே, பட்டறையை மூடிவிட்டு வைத்தியசாலை திறக்கப்போகிறாயா என்று கேட்டுவிட்டேன். டீ வாங்கிவைத்திருந்தான். குடிக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. ஆனாலும் அவன் கேட்டது தப்பு.

பிப்ரவரி 8, சனி

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பிரேக் மிதிக்கும் முன்னால் ஒரு நொடி குனிந்து கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். சத்தமும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. இன்றைக்கு ஆறு நடை, எந்த உரசலும் இல்லை.

குனிந்திருந்த நேரத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்துவிட்டது. நிமிர்ந்தபோது பம்பருக்கு முன்னால் நின்றது. ஆட்டுக்காரன் ஆட்டைத்தான் திட்டினான்.

பிப்ரவரி 10, திங்கள்

மஜீதே ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். உனக்குத் திருப்தி இல்லை, அரை நாள் வண்டியை விட்டுவிட்டுப் போ, எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிடுகிறேன் என்றான். போன தடவை நான் பேசிய பேச்சுக்கு அவன் இடத்தில் நான் இருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன். நாலு சக்கரத்தையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறான். கிழிந்த மேட்டை எடுத்துவிட்டுக் கனமான புது மேட் போட்டிருக்கிறான். கேட்காமலே பிரேக் பெடலுக்குக் கிரீஸ் வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு ஓட்டி வரும்போது வண்டி ஊமையாக வந்தது. ராமதுரை அண்ணனின் வடக்குப் பங்கு வயல் அறுப்பு நாளைக்கு.

பிப்ரவரி 11

பிரேக் பிடிக்கவில்லை. மாரிக்கண்ணுவுக்குக் கை ஒடிந்துவிட்டது.

பிப்ரவரி 12

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

மூன்றாவது நடை. பதினோரு மணி இருக்கும். களத்தில் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். மாரிக்கண்ணு எப்போதும்போல அம்பாரத்துக்கு முன்னால், என் பக்கத்துக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று வா வா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹோல்டேன் என்றாள். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. உறுமிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. சாவியைத் திருப்பி அணைத்தபோது பின் டயர் அம்பாரத்தில் புதைந்து நின்றிருந்தது. பின்கதவு அவளைத் தள்ளி நெல்லுக்குள் அமுக்கியிருந்தது. நெல் இருந்ததால் பிழைத்தாள், சிமெண்ட் தரையாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது கையில் இரண்டு எலும்பும் ஒடிந்திருக்கிறது. தோளும் இறங்கியிருக்கிறது. பெண்கள் கையாலேயே நெல்லைத் தள்ளி அவளை வெளியே எடுத்தார்கள். அவள் கத்தவில்லை. முகம் முழுக்கப் பதர் ஒட்டியிருந்தது, கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அப்போது வாயில் வந்தது அதுதான். ராமதுரை அண்ணன் உடனே, நேற்றுத்தானே பாய் கையிலிருந்து வண்டி வந்தது என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, அதைக் குறித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 13

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ராமதுரை அண்ணன் பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டாராம். மஜீது, நான் ஒழுங்காகத்தான் கட்டிக் கொடுத்தேன் என்று ஒரே வார்த்தை சொன்னானாம். வேறு பேச்சே பேசவில்லையாம். வைத்தியைக் கேளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லையாம்.

அவன் பெடலுக்குக் கிரீஸ் வைக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கனத்த மேட் வேறு. அப்படிப் பார்த்தால் அவன் பேரிலும் தவறு இருக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரி 15, சனி

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

மாரிக்கண்ணுவைக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆகவேண்டியதை எல்லாம் நான்தான் பார்த்தேன். ஆனால் அவள் வீட்டுக்கு ராஜகுமாரியைத்தான் அனுப்பினேன். கஞ்சியும் முட்டையும் கொண்டுபோனாள். மாரிக்கண்ணு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். வலிக்கிறது என்று மட்டும் சொன்னாளாம்.

பிப்ரவரி 17

ராமதுரை அண்ணன் ஏற்பாட்டில் என் வண்டி டவுனில் வேறொரு மெக்கானிக்கிடம் போய் வந்தது. அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தான். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை, பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். ஊரில் என்ன பேச்சு என்றால், டவுன் மெக்கானிக் கை வைத்ததும் பிரேக் சரியாகிவிட்டதாம்.

மஜீதின் பட்டறை வழியாக வந்தேன். அறுப்புக் காலத்தில் அங்கே டிராக்டரும் மிஷினும் வரிசையில் நிற்கும். இன்று புளியமரத்து நிழலில் ஒரு மொபெட்கூட இல்லை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டியின் சத்தத்தைக் கேட்டே என் வண்டி என்று அவனுக்குத் தெரியும். தலையை நிமிர்த்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.

பிப்ரவரி 19, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு நாளாக டிராக்டர் பெட்டிகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். கிழக்குப் பக்கம் இன்னும் பதினாலு நடை நெல் நிற்கிறது, மறுபடி மழைச் செய்தி. வண்டிதான் சரியாகிவிட்டதே, எடு வைத்தி என்று ராமதுரை அண்ணன் சொன்னார். எடுத்தேன். முதல் லோடு ஏற்றிக் களத்துக்கு வந்தேன். பின்னால் நின்று வழி சொல்ல யாரும் வரவில்லை. பத்துப் பெண்களும் பலகையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் ஓரமாக நின்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ராஜகுமாரி களத்துக்கு மோர் கொண்டுவந்திருந்தாள். குடத்தை இறக்கிவைத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

“எங்க வீட்டுக்காரர் வண்டி. நான் நிக்கிறேன்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாரிக்கண்ணு நிற்கும் அதே இடத்தில் போய் நின்றாள். கண்ணாடியில் தெரிந்தாள். அவளுக்கு முறை தெரியாது, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பஸ்ஸை நிறுத்துவது மாதிரி ஆட்டினாள். வாங்க என்றாள்.

ரிவர்ஸ் கியர் போட்டேன். காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்தேன். வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. குனிந்து பார்த்தேன். கால் பிரேக்கில் இல்லை. பாதி வெளியேயும் பாதி ஆக்ஸிலேட்டர் மேலேயும் கிடந்தது. வேறு யாருடைய காலோ அங்கே கிடப்பதுபோல இருந்தது. கிளட்சை விட்டிருந்தால் அவ்வளவுதான்.

நிமிர்ந்தேன். கண்ணாடியில் ராஜகுமாரி வாங்க வாங்க என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் துளிப் பயம் இல்லை.

என்னால் முடியவில்லை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். இறங்கி வந்து, மயக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அம்பாரத்துக்கு இருபது அடி முன்னாலேயே வண்டி நின்றது. பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து இறக்கினார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, சர்க்கரைக்காரர் என்று மோர் கொடுத்தார்கள்.

ராஜகுமாரி நின்றபோது என்னால் கிளட்சை விட முடியவில்லை. மாரிக்கண்ணு நின்றபோது விட்டேனே. அன்றைக்கும் இதே கால்தான். அன்றைக்கும் எனக்குத் தெரியும். பிரேக் பிடிக்காமல் இருக்கலாம் என்று இரண்டு வாரமாக நினைத்திருந்தால், பின்னால் ஒரு பெண்ணை நிறுத்திவைத்து எவனாவது வண்டியை எடுப்பானா? பிரேக் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததால்தானே எடுத்தேன்.

எழுதியாயிற்று.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் மாரிக்கண்ணு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாயில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முழங்காலால் பூண்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நகத்தால் தோலை எடுக்கிறாள். ஒரு பல்லுக்கு அவ்வளவு நேரம் ஆகிறது. உட்காருங்கள் என்றாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். எனக்கு வலது காலில் உணர்ச்சி இல்லை, தை மாதம் பிறந்ததிலிருந்தே இல்லை, பிரேக்குக்கு ஒன்றும் இல்லை என்று. வீட்டிலிருந்து கிளம்பும்போது நிறையப் பேசவேண்டும் என்று வந்தேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் உரித்த பல்லைக் கிண்ணத்தில் போட்டாள்.

“எனக்குத் தெரியும்ண்ணே. நான் ஹோல்டேன்னு சொன்னப்ப நீங்க கண்ணாடியில இல்ல. குனிஞ்சு காலப் பாத்துக்கிட்டு இருந்தீய.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்களே சொல்லுவீயன்னு இருந்தேன். ஒம்பது நாளு ஆச்சு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உட்கார்ந்தேன். பூண்டை எடுத்து உரித்தேன். கிண்ணம் நிறைகிற வரைக்கும் இரண்டு பேரும் உரித்தோம். கிளம்பும்போது, என்கிட்ட வந்து சொன்னதோடு வீட்டுக்குப் போயிடாதீங்க, பாய் பட்டறையில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு என்றாள்.

போகவில்லை. வீட்டுக்குத்தான் வந்தேன். நாளைக்குப் போகிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மஜீது தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போகலாம் என்று முதலில் நினைத்தேன். அவன் இப்போதெல்லாம் தனியாகத்தான் இருக்கிறான், அதில் சிரமம் இல்லை. ஆனால் ஊர் முன்னால் போன பேரை மூலையில் வைத்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. ராமதுரை அண்ணனையும் மிஷின்காரர்களையும் டீக்கடையிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று கேட்டார்கள். வாருங்கள் என்றேன். வண்டியை எடுக்கவில்லை, நடந்தே போனோம். ராஜகுமாரி பின்னால் வந்தாள். அவளுக்கு நேற்றுச் சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கை வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மஜீது எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மறுபடி சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்திருப்பான். ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு,” என்று ராமதுரை அண்ணனைப் பார்த்துச் சொன்னேன். “என் கால்தான் அதுமேல இல்ல. எனக்குப் பாதம் மரத்துப்போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பாய்மேல ஒரு தப்பும் இல்ல.”

ராமதுரை அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆத்தூர்க்கார மிஷின் டிரைவர் ஒருவர் என் காலைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டார். மஜீது கிட்ட வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“மூணு தடவ வண்டியப் பாத்துக் குடுத்தேன் வைத்தி. மூணு தடவையில ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல.”

சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். மீதி நடையைத் தன் மச்சான் ஓட்டிக் கொடுப்பான் என்று ராமதுரை அண்ணனிடம் சொன்னான். ராமதுரை அண்ணன் அவனிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அவருடைய டிராக்டரை நாளைக்குக் கொண்டுவந்து விடச் சொல்லிவிட்டு மஜீது உள்ளே போய்விட்டான். என்னோடு அதற்குமேல் பேசவில்லை. பேச நாளாகும். பேசாமலும் போகலாம்.

பிப்ரவரி 22, சனி

கிழக்குப் பக்கத்து நெல் களத்துக்குப் போவது வீட்டிலிருந்தே கேட்டது. மஜீதின் மச்சான் மூன்றாவது கியரை அவசரப்பட்டுப் போடுகிறான். சொல்லவேண்டும் என்று எழுந்தேன், உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சுகந்தி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளிடம் கண்ணைத் திறந்து வைத்திருந்ததைச் சொன்னேன். மறுபடி தொட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை ராஜகுமாரி தன் கையால் என் கண்ணைப் பொத்தினாள். இடது காலில் நாலு விரல் சொன்னேன். வலது காலில் சுகந்தி ஆரம்பிக்கட்டும் என்று வெகுநேரம் காத்திருந்தேன். முடித்தாயிற்று என்றாள்.

குதிகால் புண் ஆழமாக இருக்கிறதாம். காலை எடுத்துவிடுவார்களா என்று அவளிடம் நேராகவே கேட்டேன். இப்போது வந்தால் எடுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன், சத்தியமாகச் சொல்ல எனக்குத் தெரியாது என்றாள். நல்ல பெண். பொய் சொல்லவில்லை.

ராஜகுமாரி பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டே, டவுனுக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இந்த ஊரில் இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் கேட்டு வரப் போனேன்.